விலங்குப் பண்ணை: ஏட்டிலும் திரையிலும்

விலங்குகளைப் பேசவைத்து மனிதருக்கு அறிவு புகட்டும் கலை தமிழருக்குப் புதியதன்று. சிங்கத்தையும் எருதையும் நண்பராக்கி, இடையிலே நரியைப் புகுத்தி, அரசியலின் நெளிவு சுளிவுகளை விளக்கும் பஞ்சதந்திரக் கதைகளை அறியாதார் நம்முள் இலர். வடமொழியிலே தோன்றி மராத்தியிலும் வழங்கிய அக்கதைகளைத் தாண்டவராய முதலியார் 1826 ஆம் ஆண்டிலே தமிழ் உரைநடையிற் தந்தார். அந்நூல் பல தலைமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் கைநூலாக விளங்கியது. ஈழத்திலும் உருவகக் கதை என்னும் வடிவத்தை ஆசிரியர் சு. வே. முதலிய எழுத்தாளர்கள் விரும்பிக் கையாண்டனர். ஆகவே, பன்றியும் குதிரையும் கழுதையும் பேசுகின்ற ஓர் ஆங்கில நூல் பாடசாலை மாணவர் கையிற் கிடைக்கும்போது, அது அவர்களுக்கு முற்றிலும் அந்நியமான பொருளாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பஞ்சதந்திரத்திலே விட்டுணுசருமர் என்னும் ஆசிரியர் பாடம் சொல்வது அரசகுமாரருக்கு. எவ்வாறு ஆளவேண்டும், எவரை நம்பவேண்டும், எவரைப் பிரிக்கவேண்டும் என்பனவே அங்குள்ள பாடங்கள். ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’ என்னும் நூலோ ஆளப்படுவோருக்குச் சொல்லப்பட்ட கதை. ஆள்வோரை எவ்வாறு கவனிக்கவேண்டும், எந்த இடத்தில் விழிக்கவேண்டும், எந்த இடத்தில் வாய்திறக்கவேண்டும் என்பனவே அதன் பாடங்கள். இந்நூலை மாணவர் ஏட்டிலே படிப்பதற்கும் திரையிலே காண்பதற்கும் இடையே உள்ள வேற்றுமையை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில செய்திகள். ஓர்வெல் என்பது புனைபெயர். எரிக் ஆதர் பிளேயர் என்பதே இயற்பெயர். 1903 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25 ஆந் திகதி இந்தியாவின் பீகார் மாகாணத்து மோதிகாரி என்னும் ஊரிலே பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1922 முதல் 1927 வரை பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாகப் பணியாற்றி, ஏகாதிபத்தியத்தின் உட்புறத்தைத் தம் கண்ணாலேயே கண்டு வெறுத்து, அப்பதவியைத் துறந்தார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரிலே குடியரசுப் பக்கம் நின்று போராடி, 1937 ஆம் ஆண்டு மே மாதத்திலே கழுத்தில் குண்டடிபட்டார். அதே ஆண்டில், தாம் சேர்ந்திருந்த இடதுசாரிக் குழுவினரை ஸ்டாலினின் ஆதரவாளர்கள் துரோகிகளென்று பழிசுமத்தி வேட்டையாடியதையும் நேரிற் கண்டார். சமதர்மக் கொள்கையில் அவர் கொண்டிருந்த பற்று இறுதிவரை மாறவில்லை. அக்கொள்கையின் பெயரால் நடந்த பொய்யையே அவர் எதிர்த்தார்.

வானொலி நேயர்களுக்கு மற்றுமொரு செய்தி சுவை தருவதாகும். 1941 முதல் 1943 வரை ஓர்வெல் பி.பி.சி. நிறுவனத்தின் கீழைத்தேயச் சேவையிலே, இந்தியப் பகுதியிற் பணிபுரிந்தார். அதே 1941 ஆம் ஆண்டிலேதான் இலண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பும் தொடங்கிற்று. போர்ச் செய்திகளை விளக்கும் வாராந்த மடல்களை ஓர்வெல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, அவற்றுட் பல குஜராத்தி, மராத்தி, வங்காளி, தமிழ் முதலிய மொழிகளிற் பெயர்க்கப்பட்டு வானில் ஏறின. ‘விலங்குப் பண்ணை’ என்ற பெயர் உலகில் எவருக்கும் தெரியாத அந்நாளிலேயே, அந்நூலாசிரியரின் கருத்துகள் தமிழ் ஒலியாகத் தமிழர் செவிகளை எட்டியுள்ளன. போர்க்காலத்துச் செய்தி எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறது, எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதை அவர் அப்பணியிலே நன்கு கற்றார். 1943 நவம்பரிலே அதனை விட்டு நீங்கி, உடனேயே இக்கதையை எழுதத் தொடங்கி, 1944 பெப்ரவரியில் முடித்தார்.

கதையின் கரு எவ்வாறு தோன்றியது என்பதை 1947 ஆம் ஆண்டு வெளிவந்த உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே கூறியுள்ளார். கிராமம் ஒன்றிலே வசித்தபோது, ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையை ஒடுங்கிய பாதை வழியே ஓட்டிச் செல்வதையும், அது திரும்ப முயலும்போதெல்லாம் சவுக்கால் அடிப்பதையும் கண்டாராம். இத்தகைய விலங்குகள் தம் பலத்தைத் தாமே உணருமாயின் மனிதனுக்கு அவற்றின்மேல் யாது அதிகாரம் இருக்கும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. இக்காட்சியை விளங்கிக்கொள்ள வடமராட்சியில் வாழும் பிள்ளைக்குக் குதிரையைக் காட்டவேண்டியதில்லை. சிறுவன் ஒருவன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இரண்டு பெரிய வண்டில் மாடுகளை நடத்திச் செல்லும் காட்சி உடுப்பிட்டிச் சந்தியிலும் கரவெட்டி ஒழுங்கைகளிலும் நெடுங்காலம் நாளாந்தக் காட்சியாய் இருந்ததன்றோ!

கதை இதுதான். இங்கிலாந்தின் பண்ணை ஒன்றிலே, குடிவெறியனான சொந்தக்காரன் ஜோன்சின் கொடுமை பொறாத விலங்குகள், முதிய மேஜர் என்னும் பன்றியின் போதனையால் எழுச்சி பெற்று அவனைத் துரத்துகின்றன. எல்லோரும் சமம் என்ற அடிப்படையில் ஏழு கட்டளைகளை வகுத்துக் களஞ்சியத்தின் கரிய சுவரிலே வெள்ளை எழுத்தாற் பொறிக்கின்றன. தலைமை பன்றிகளிடம் சேர்கின்றது. நெப்போலியன் என்னும் பன்றி, தான் இரகசியமாக வளர்த்த நாய்களை ஏவி, ஸ்னோபோல் என்னும் மற்றைய தலைவனை விரட்டுகின்றது. அதன்பின் எல்லாக் குறைக்கும் ஓடிப்போனவனே காரணம் எனப்படுகின்றது. காற்றாலை கட்டப்படுகின்றது, இடிகின்றது, மீண்டும் கட்டப்படுகின்றது. உழைப்பு ஏறுகின்றது, உணவு குறைகின்றது. முடிவில் பன்றிகள் இரண்டு காலால் நடந்து, கையில் சவுக்கேந்தி, மனிதரோடு மேசையிலிருந்து சீட்டாடுகின்றன.

இது 1917 ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சியையும் அதன்பின் ஸ்டாலின் ஆட்சியிலே நிகழ்ந்தவற்றையும் உருவகமாகக் கூறுவது. நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபோல் ட்ரொட்ஸ்கி. காற்றாலை ஐந்தாண்டுத் திட்டங்களையும் மின்சாரக் கனவையும் குறிக்கும். விலங்குகள் தாம் செய்யாத குற்றங்களைத் தாமே ஒப்புக்கொண்டு மடியும் காட்சி 1936 முதல் 1938 வரை மொஸ்கோவில் நடைபெற்ற விசாரணைகளைச் சுட்டும். இறுதிச் சீட்டாட்டம் 1943 ஆம் ஆண்டு வல்லரசுத் தலைவர் மூவர் கூடிய தெகரான் மாநாட்டை ஒட்டியது.

போர்க்காலத்தில் ரஷ்யா பிரித்தானியாவின் நட்பு நாடாய் இருந்தமையால் நூலை வெளியிட அஞ்சினர் பலர். கொலன்ஸ் மறுத்தார். கேப் நிறுவனம் அரசாங்க அதிகாரி ஒருவரின் ஆலோசனை கேட்டுப் பின்வாங்கியது. பேபர் நிறுவனத்தில் இருந்த கவிஞர் ரி. எஸ். எலியட்டும் மறுத்தார். ஈற்றில் செக்கர் அன்ட் வார்பேர்க் நிறுவனம் 1945 ஓகஸ்ட் 17 ஆந் திகதி நூலை வெளியிட்டது. தம் நாட்டிலே சட்டத்தின் தடையின்றியே கருத்துகள் அடக்கப்படும் விதத்தைக் கண்டித்து ஓர்வெல் எழுதிய முன்னுரையோ அந்நூலில் இடம்பெறவில்லை. அது 1972 ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. பிற நாட்டுத் தவற்றைப் பார்த்து நகைப்பதற்கு மட்டும் எழுதப்பட்ட நூல் இதுவன்று என்பதற்கு அம்முன்னுரையே போதிய சான்றாகும்.

இனி, பாடசாலையில் இந்நூல் எவ்வாறு படிக்கப்படுகின்றது என்று பார்ப்போம். பரீட்சையை நோக்கி ஓடும் காலத்திலே, நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்னோபோல் என்றால் ட்ரொட்ஸ்கி என்று இரண்டு நிரலில் எழுதி மனனம் செய்துவிட்டால் உருவகம் விளங்கிவிட்டதாக மாணவர் எண்ணுகின்றனர். விடுகதையின் விடை தெரிந்தால் விடுகதை தீர்ந்துவிடும். உருவகக் கதை அவ்வாறு தீர்வதன்று. பெயர்கள் மாறினும் நிகழ்ச்சி மாறாது என்பதே அதன் உயிர். சோவியத்து நாடு 1991 ஆம் ஆண்டிலேயே கலைந்துவிட்டது. கதையோ இன்றும் படிக்கப்படுகின்றது. மாணவன் தேடவேண்டிய இடம் பட்டியலில் இல்லை, கதையின் நடுவிலேதான் உள்ளது.

அவ்விடம் எது? பாலும் அப்பிளும் காணாமற்போகும் இடமே அது என்று ஓர்வெல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். எழுச்சி முடிந்த முதல் நாளிலே கறந்த பால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிறகு அப்பிள்களும் பன்றிகளுக்கே உரியவை என்று கூறப்படுகின்றன. மூளையால் உழைப்போருக்கு அவ்வுணவு தேவை என்று ஸ்குவீலர் என்னும் நாவன்மை மிக்க பன்றி சமாதானம் சொல்கின்றது. அன்றே மற்ற விலங்குகள் எதிர்த்துக் கேட்டிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்பது ஆசிரியர் கருத்து. அநீதி முதன்முதல் வரும்போது நாயையும் சவுக்கையும் கொண்டு வருவதில்லை. ஒரு வாளிப் பாலாகவே வருகின்றது.

இந்நூலை வானொலிக்கு நாடகமாக்கியவரும் ஓர்வெல்லே. 1947 ஜனவரி 14 ஆந் திகதி பி.பி.சி.யில் அந்நாடகம் ஒலிபரப்பாயிற்று. பால், அப்பிள் பற்றிய பகுதியின் முக்கியத்தை நேயர் தவறவிடலாகாதென்று, அங்கே சில புதிய உரையாடல் வரிகளை அவர் சேர்த்தார். ஆனால் தயாரிப்பாளர் அவ்வரிகளை நீக்கிவிட்டார். ஒரு படைப்பு ஒரு சாதனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முதலில் விழுவது பெரும்பாலும் அதன் மையமே என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாலுக்கு அடுத்தபடி மாணவர் கவனிக்கவேண்டியது சுவர். உண்மையிலே இக்கதை வாசிப்பைப் பற்றிய கதை எனலாம். ஜோன்சின் பிள்ளைகள் குப்பையில் எறிந்த பழைய எழுத்துப் பயிற்சி நூலைக் கொண்டே பன்றிகள் எழுத வாசிக்கக் கற்கின்றன. மற்றைய விலங்குகளும் வகுப்பிலே அமர்கின்றன. அங்கே நாம் காண்பது எந்த ஊர்ப் பாடசாலையிலும் காணக்கூடிய வகுப்பே. பொக்சர் என்னும் உழைப்பாளிக் குதிரைக்கு முதல் நான்கு எழுத்துகளுக்கு மேல் ஏறவில்லை. குளோவர் எழுத்துகளை அறிந்தும் சொற்களைக் கூட்டமாட்டாள். மொலி தன் பெயரின் எழுத்துகளோடு நின்றுவிடுகின்றாள். மியூரியல் என்னும் ஆடு ஓரளவு வாசிக்கும். பெஞ்சமின் என்னும் கழுதையோ பன்றிகளைப் போலவே நன்றாக வாசிக்கும். ஆனால் வாசிக்கத்தக்கது எதுவும் இல்லையென்று கூறி, அத்திறனைப் பயன்படுத்தாது.

ஏழு கட்டளைகளும் ஒவ்வொன்றாக மாற்றப்படுவது இந்த வகுப்பினாலேயே இயலுகின்றது. படுக்கையை விலக்கிய கட்டளையில் விரிப்பு என்ற சொல் நுழைகின்றது. மதுவை விலக்கிய கட்டளையில் அளவு என்ற கருத்து நுழைகின்றது. கொலையை விலக்கிய கட்டளையில் காரணம் என்ற சொல் நுழைகின்றது. முன்பு இவ்வாறு இருக்கவில்லையே என்று குளோவரின் மனம் சொல்கின்றது. எனினும் சுவரில் எழுதியிருப்பதை எதிர்த்து வாதிட அவளிடம் எழுத்து இல்லை. வாசிக்கத் தெரியாதவர்க்குத் தம் நினைவே தமக்குச் சந்தேகமாகிவிடுகின்றது.

இங்கே மொழிபெயர்ப்பைப் பற்றிய ஒரு நுட்பத்தையும் ஆசிரியர்கள் வகுப்பிலே எடுத்துக்காட்டலாம். ஆங்கிலத்தில் இம்மாற்றங்கள் வாக்கியத்தின் ஈற்றில் ஒட்டப்படும் இரண்டு சொற்களே. கட்டளை முடிந்த இடத்திலே வெற்றிடம் உண்டு. தூரிகையை எடுத்துச் சேர்த்தாற் போதும். தமிழிலோ வினைமுற்று ஈற்றில் நிற்பது. ‘காரணமின்றி’ என்ற சொல் அதற்கு முன்னரே வந்தாகவேண்டும். தமிழ்ச் சுவரில் இக்களவைச் செய்ய வருபவன் பழைய எழுத்தை அழித்து, இடம் பிளந்து, புதிதாக எழுதவேண்டும். க. நா. சுப்ரமண்யம் ‘விலங்குப் பண்ணை’ என்ற பெயரிலேயே இந்நூலைத் தமிழாக்கியுள்ளார். தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் அருகருகே வைத்து இவ்வரிகளை ஒப்பிடும் மாணவன், ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டுமன்றி, மோசடியின் இலக்கணத்தையும் கற்றுக்கொள்வான்.

இத்தகைய நூல் திரைக்குச் சென்ற வரலாறு தனியே ஒரு கதையாகும். ஓர்வெல் 1950 ஜனவரி 21 ஆந் திகதி காலமானார். அவருடைய மனைவி சோனியாவிடமிருந்து திரைப்பட உரிமை பெறப்பட்டது. அமெரிக்கத் தயாரிப்பாளர் லூயி டி றோச்மொன்ட், இங்கிலாந்தில் சித்திரப்படங்கள் தயாரித்துவந்த ஜோன் ஹலாஸ், ஜோய் பச்சலர் என்னும் தம்பதியரிடம் பணியை ஒப்படைத்தார். 1954 ஆம் ஆண்டு படம் முடிந்து, அவ்வாண்டு டிசம்பரிலே நியூயோர்க்கில் முதலில் திரையிடப்பட்டது. பிரித்தானியாவிலே உருவாகித் திரையரங்குக்கு வந்த முதல் முழுநீளச் சித்திரப்படம் என்ற சிறப்பு அதற்கு உண்டு. விலங்குகள் அனைத்துக்கும் மொரிஸ் டெனம் என்ற ஒரே நடிகரே குரல் கொடுத்தார் என்பது வியப்புக்குரியது. சித்திரப்படம் என்றால் சிரிப்பு மூட்டுவதே என்றிருந்த காலத்தில், இருண்ட நிறங்களாலும் கனத்த கோடுகளாலும் துயரக் கதை ஒன்றைச் சொல்ல முடியும் என்று அப்படம் நிலைநாட்டிற்று.

ஆனால் படத்தின் முடிவு நூலின் முடிவன்று. நூலிலே விலங்குகள் யன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கின்றன. பன்றியின் முகத்தையும் மனிதன் முகத்தையும் வேறுபடுத்த முடியவில்லை. அவ்வளவில் கதை நின்றுவிடுகின்றது. படத்திலோ பெஞ்சமின் முன்னிற்க, விலங்குகள் ஒன்றுதிரண்டு மீண்டும் எழுந்து, பன்றிகளின் மாளிகையை உடைத்து உட்புகுந்து, நெப்போலியனை வீழ்த்துகின்றன. பார்ப்போர் மனநிறைவோடு எழுந்து செல்கின்றனர்.

இம்மாற்றத்தின் காரணம் பல ஆண்டுகளின் பின்னரே வெளிவந்தது. படத்துக்கான பணத்தை மறைமுகமாக வழங்கியது அமெரிக்காவின் மத்திய உளவு நிறுவனம். பனிப்போர்க் காலத்தில் அந்நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது சோவியத்து ஆட்சிக்கெதிரான எழுச்சி பற்றிய நம்பிக்கை. பன்றிகளும் மனிதரும் ஒன்றே என்ற ஓர்வெல்லின் முடிவு இரு பக்கத்தையும் வெட்டும் வாள். மேலைநாட்டு முதலாளிகளும் அவ்வெட்டுக்குத் தப்பவில்லை. ஆதலால் வாளின் ஒரு பக்கம் மழுக்கப்பட்டது. இதே காலத்திலே பிரித்தானிய வெளிநாட்டமைச்சின் இரகசியப் பிரசாரப் பிரிவும் இக்கதையைத் தொடர் சித்திரமாக்கிப் பல நாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. எழுதப்பட்ட கட்டளைகளை ஆட்சியாளர் இரவோடிரவாக மாற்றியதைக் கண்டிக்கும் கதை, ஆசிரியர் இறந்தபின் அவ்வாறே மாற்றப்பட்டது. ஸ்குவீலரின் ஏணியும் வண்ணப் பாத்திரமும் பண்ணைச் சுவரோடு நின்றுவிடவில்லை.

இரண்டாவது படம் 1999 ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. ஜோன் ஸ்டீபன்சன் இயக்கிய அப்படத்திலே மெய்யான விலங்குகளும் பொறியால் இயங்கும் உருவங்களும் நடித்தன. ஜெசி என்னும் பெண்நாய் கதை சொல்கின்றது. அதிலும் முடிவு மாறியது. சில விலங்குகள் தப்பியோடி ஒளிந்திருந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் திரும்பிவந்து, நெப்போலியனின் ஆட்சி தானே சிதைந்து கிடப்பதைக் காண்கின்றன. புதிய மனிதக் குடும்பம் ஒன்று பண்ணைக்கு வருகின்றது. இவர்கள் நல்லவர்களாயிருப்பர் என்ற நம்பிக்கையோடு படம் முடிகின்றது. சோவியத்து நாடு கலைந்தபின் எடுக்கப்பட்ட படம் அது. 1954 இன் படம் அடிமைகளை எழுப்பி அனுப்பியது. 1999 இன் படம் புதிய எசமானை வரவேற்று முடிந்தது. விலங்குகள் தம்மைத் தாமே ஆளலாம் என்ற முதிய மேஜரின் கனவு அங்கே சத்தமின்றிப் புதைக்கப்பட்டதை ஊன்றிப் பார்ப்போர் உணர்வர்.

மூன்றாவதாக, நடிகர் அன்டி சேர்கிஸ் இயக்கிய சித்திரப்படம் 2025 ஜூன் மாதம் பிரான்சின் அனெசி நகரத்துத் திரைப்பட விழாவிலே முதன்முதல் காட்டப்பட்டது. லக்கி என்னும் புதிய பன்றிக்குட்டி அதில் இடம்பெறுகின்றது. இளைய தலைமுறைக்கும் இக்காலத்து வணிகப் பேராசைக்கும் ஏற்பக் கதை திருப்பப்பட்டுள்ளது. இவ்வாறு ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய முடிவைத் தானே எழுதிக்கொள்கின்றது.

அப்படியாயின் படங்களைப் பார்க்கலாகாதா என்று கேட்கலாம். பார்க்கவே வேண்டும். கம்பனைக் கற்றவன் இராம நாடகக் கூத்தையும் சுவைப்பதில் தவறில்லை. நூலிலே சில வரிகளிற் கடந்துபோகும் காட்சி திரையிலே நெஞ்சைப் பிழியும். வலிமை ஒடுங்கிய பொக்சரை வண்டியிலேற்றிக் கொண்டுபோகும்போது பெஞ்சமின் பின்னால் ஓடும் காட்சியை 1954 ஆம் ஆண்டுப் படத்திற் பார்த்தவர் மறப்பதரிது. ஆயினும் வரிசை ஒன்று உண்டு. முதலில் நூல், பின்னர் படம். படத்தை முதலிற் பார்த்த மாணவன் பரீட்சைத் தாளிலே விலங்குகள் மீண்டும் வென்றன என்று எழுதிவிடுவான். அதனால் இழப்பது சில புள்ளிகளை மட்டுமன்று. கதை அவனிடம் கேட்க வந்த கேள்வியையே அவன் இழந்துவிடுகின்றான்.

அக்கேள்வி யாது? அதைப் பெஞ்சமினிடமே காணலாம். பொக்சரை ஏற்றிச் செல்லும் வண்டியின் பக்கத்திலே, அது குதிரைகளை அறுத்து விற்பவனுடைய வண்டி என்று எழுதியிருக்கின்றது. மற்றவை அதனை வாசிக்கமாட்டாமல் கையசைத்து வழியனுப்புகின்றன. பெஞ்சமின் மட்டுமே வாசித்துக் கதறுகின்றது. ஆனால் வண்டி புறப்பட்டுவிட்டது. ஆயுள் முழுவதும் உழைத்த மாடு கடைசியில் அடிமாடாக விற்கப்படுவதன் கொடுமையை யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. விளக்கவேண்டியது வேறொன்று. வாசிக்கத் தெரிந்த அக்கழுதை அதுவரை ஏன் வாசிக்கவில்லை? பால் மறைந்த நாளிலும், கட்டளை மாறிய இரவிலும், ஏணியடியில் ஸ்குவீலர் தூரிகையோடு விழுந்து கிடந்தபோதும், நடந்தது என்னவென்று விளங்கியும் ஏன் வாய்திறக்கவில்லை? பொக்சரின் அறியாமை இரங்கத்தக்கது. பெஞ்சமினின் மௌனம் விசாரிக்கத்தக்கது. கல்லாதவரின் குற்றத்திலும் கற்று வாளாவிருந்தவரின் குற்றம் பெரிதென்று இக்கதை காட்டுகின்றது.

1954 இன் படத்தில் அதே பெஞ்சமினே எழுச்சிக்குத் தலைவன் ஆகின்றது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் பார்ப்பவர் அதனைச் சுமந்து வீடு செல்லவேண்டியதில்லை. நூலிலோ அவ்வாறில்லை. இறுதியிற் குளோவர் கேட்டுக்கொள்ள, பெஞ்சமின் தன் வழக்கத்தை விட்டுச் சுவரை வாசிக்கின்றது. அப்போது அங்கே ஏழு கட்டளைகள் இல்லை. ஒன்றே ஒன்று, அதுவும் தன்னைத் தானே மறுக்கும் விதத்தில், எஞ்சியிருக்கின்றது. வாசிப்பு வந்தது; காலம் போய்விட்டது. கதை விடையின்றி முடிவதன் பொருள், விடையை வாசகனே தேடவேண்டும் என்பதாகும்.

இது அவநம்பிக்கையை வளர்க்கும் நூலென்றும், இளம்பிள்ளைகளுக்கு ஏற்றதன்றென்றும் கூறுவாரும் உளர். அவர் கூற்றையும் தள்ளிவிடலாகாது. எல்லாத் தலைவரும் பன்றிகளே, எல்லா மாற்றமும் வீணே என்ற எண்ணத்தோடு மாணவன் நூலை மூடுவானாயின் அது தீய பயனே. அவ்வெண்ணம் பெஞ்சமினின் எண்ணம், ஓர்வெல்லின் எண்ணமன்று. எதுவும் மாறாது என்று இருந்த கழுதையின் கண்முன்னேதான் அதன் ஒரே நண்பன் கொண்டுசெல்லப்பட்டான். ஆசிரியர் வகுப்பிலே நின்று இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பாராயின் நூல் அவநம்பிக்கையை விதைக்காது, விழிப்பை விதைக்கும்.

எழுத்தின் அருமையை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு வேறெவரும் உணர்த்தவேண்டியதில்லை. அமெரிக்க மிஷனரிமார் 19 ஆம் நூற்றாண்டிலே உடுப்பிட்டியிலும் பிற ஊர்களிலும் நிறுவிய கல்விக்கூடங்கள், சைவப் பெரியோர் அவற்றுக்கு ஈடாக எழுப்பிய பாடசாலைகள், 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் பரவிய இலவசக் கல்வி ஆகியவற்றால், எழுத்தறியாத வீடு அருகிய நிலம் இது. 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எழுத்தை இரவிலே திருத்துவதும் உண்டு. இரவிலே எரிப்பதும் உண்டு. இரண்டும் மக்களின் நினைவைத் தம் வசமாக்க முனைவோர் செய்வனவே. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இக்கதை தொலைவிலுள்ள நாட்டின் கதையன்று.

ஆகவே பாடசாலைகளுக்கும் பெற்றோருக்கும் கூறக்கூடியது சுருக்கமானது. சுருக்கக் குறிப்புகளை ஒதுக்கிவைத்து, நூலை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை மாணவரை வாசிக்கவிடுக. ஆங்கிலம் இடர்ப்படுத்துமாயின் தமிழாக்கத்தைத் துணைக்கொள்க. ஒவ்வொரு கட்டளையும் முதலிலே எவ்வாறு இருந்தது என்று மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அது மாறும்போதெல்லாம் பின்னோக்கிப் பார்த்து ஒப்பிடுக. அதன்பின் படத்தைக் காட்டி, முடிவு எங்கே மாறியது, யார் மாற்றினர், யாருக்கு அதனால் நயம் என்று வினாவுக. முதலில் எழுதியதைத் தன் கையெழுத்திலேயே வைத்திருக்கும் பிள்ளையை, பின்னர் எழுதியதைக் காட்டி ஏமாற்றுவது எளிதன்று.